பட்ட மரத்தை அரைக்கும்போது மெஷின் அடைத்தால்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

தென்காசி மாவட்டத்துக் கடையம், ஆழ்வார்குறிச்சி தொடங்கி நெல்லை மாவட்டத்து வள்ளியூர், திசையன்விளை வரை இப்போது பட்ட மரங்களை ஷ்ரெட்டரில் விட்டு அரைக்கிறார்கள். சிவப்புக் கூன்வண்டு குடைந்த தென்னை, செங்கோட்டைப் பக்கம் கேரள வேர் வாடல் நோயில் போன தென்னை, தண்ணீர் இல்லாமல் காய்ந்த எலுமிச்சை, 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையோரம் சாய்ந்த மரங்கள் என்று அரைக்க வேண்டியதற்குக் குறைவில்லை. தீ வைத்துக் கொளுத்துவதைவிட அரைத்து மூடாக்காகப் போடுவது எவ்வளவோ மேல்.

ஆனால் பச்சை மட்டையைத் தின்றுவிட்டு ஒழுங்காக ஓடிய அதே மெஷின், பட்ட மரத்தை விட்டதும் அடிக்கடி அடைத்து நிற்கும். காரணம் மரத்தில்தான் இருக்கிறது. பச்சைக் கிளையில் ஈரம் இருப்பதால் பிளேடு வழுக்கிக்கொண்டு வெட்டும். காய்ந்த கட்டையில் அந்த ஈரம் இல்லை, இறுகியும் போயிருக்கும். உளுத்த கட்டை என்றால் வெட்டுப்படாமல் பொடிந்து மாவாகிவிடும். தென்னை, பனை என்றால் நார். வேம்பு என்றால் பட்டைக்கு அடியில் கரையான் கட்டிய மண். வெள்ளத்தில் கிடந்த மரம் என்றால் இடுக்கெல்லாம் ஆற்று மணல். இந்த ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக அடைக்கும், வரும் அறிகுறியும் வேறு வேறு. அதைப் பார்க்காமல் கடப்பாரையை விட்டுக் குத்தினால் அன்றைக்கு ஓடும், மறுநாள் மறுபடி நிற்கும்.

கையை வைப்பதற்கு முன்

எந்த அறிகுறியாக இருந்தாலும் இதுதான் முதல் வேலை. பி.டி.ஓ.வை (டிராக்டரிலிருந்து மெஷினைச் சுழற்றும் இணைப்பை) துண்டியுங்கள், இன்ஜினை நிறுத்துங்கள், சாவியை எடுத்து உங்கள் பையில் போடுங்கள். டிரைவரிடம் “ஸ்டார்ட் பண்ணிராதப்பா” என்று சொல்லிவிட்டு வருவது போதாது. இன்ஜின் நின்ற பிறகும் பிளேடுகள் மாட்டிய டிரம் தன் கனத்தால் சுற்றிக்கொண்டே இருக்கும். புல்லி முழுசாக நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.

அடைத்து நிற்கிற டிரம்மில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. பெல்ட்டில் இழுவிசை தங்கியிருந்தால், மாட்டியிருக்கும் கட்டையை நீங்கள் உருவியதும் டிரம் கால் சுற்று, அரைச் சுற்று தானாகத் துள்ளும். இன்ஜின் ஓடவில்லை என்றாலும் விரல் போக அது போதும். அதனால் டிரம்மைப் பூட்டும் பின் இருந்தால் அதைப் போடுங்கள், இல்லையென்றால் மர ஆப்பு ஒன்றை வைத்து அசையாமல் செய்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

வேலைக்கு வருகிறவர்களில் யாராவது ஒருவர், “அண்ணாச்சி, காலால ஒரு மிதி மிதிச்சா உள்ள போயிரும்” என்பார். அதற்கு மட்டும் ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். மெஷினின் வாய் இழுக்கிற வேகத்தில் காலை எடுக்க நேரம் இருக்காது. தள்ள வேண்டும் என்றால் நீளமான மரக்கம்பால் தள்ளுங்கள், இரும்புக் கம்பி வேண்டாம். வாய்க்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். தொங்கும் துண்டு, வேட்டி, லுங்கியோடு பி.டி.ஓ. ஷாஃப்ட் பக்கம் யாரும் போகக்கூடாது. ஷாஃப்டின் மேலுறை உடைந்திருந்தால் அதை மாற்றிவிட்டுத்தான் வேலை.

ரோலர் சுற்றுகிறது, கட்டை உள்ளே போகவில்லை

ரோலர் என்பது கட்டையைப் பிடித்து உள்ளே இழுக்கும் உருளை. அது சுற்றியும் கட்டை போகவில்லை என்றால் முதலில் கட்டையைப் பாருங்கள். சீமைக் கருவேலமும் உடை மரமும் காய்ந்தால் கோணல் அப்படியே இறுகிவிடும். பச்சையில் வளைந்து கொடுத்து உள்ளே போகும் கிளை, காய்ந்தபின் வாயின் இரண்டு பக்கமும் முட்டிக்கொண்டு நிற்கும். கவட்டை வருகிற இடத்தில் எல்லாம் அரிவாளால் ஒரு வெட்டுப் போட்டு நேராக்கிக் கொடுங்கள். அடிப்பக்கத்தை முதலில் விட்டால் பக்கக் கிளைகள் மடங்கிக்கொண்டு உள்ளே போகும். நுனியை முதலில் விட்டால் கிளைகள் விரிந்துகொண்டு எதிர்த்து நிற்கும்.

கட்டை நேராகத்தான் இருக்கிறது, ஆனாலும் ரோலர் வழுக்குகிறது என்றால் ரோலரின் பற்களைப் பாருங்கள். தென்னையில் பன்னாடை, பனையில் தும்பு, இவை இரண்டும் பற்களின் இடுக்கில் மெத்தையாகப் படிந்துவிடும். பிறகு பிடிப்பு எங்கிருந்து வரும்? கத்தியால் நாரை அறுத்துச் சுத்தமாக எடுத்தால் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். காய்ந்த பட்டை உரிந்து வருகிற வேம்பு, புங்கு மாதிரி மரங்களில் பட்டை மட்டும் உரிந்து ரோலரோடு சுற்றும், கட்டை நின்ற இடத்தில் நிற்கும். தளர்ந்த பட்டையைத் தட்டி எடுத்துவிட்டு விடுங்கள். அந்தப் பட்டைக்கு அடியில்தான் கரையான் மண்ணும் இருக்கும் என்பதால் பிளேடுக்கும் நல்லது.

கட்டை கொஞ்சம் போய் எகிறி எகிறித் திரும்புகிறதா? அது ரோலரின் குற்றம் இல்லை. பிளேடு வெட்டாமல் அடித்துத் தள்ளுகிறது. கீழே பிளேடு பற்றிச் சொல்லும் பகுதிக்குப் போங்கள். ரோலரை அழுத்தும் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் இதே மாதிரி நடக்கும் என்பதால் அதையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போகிறது, இன்ஜின் திணறி அடங்குகிறது

மெஷினின் தகட்டில் இத்தனை அங்குலக் கட்டை வரை விடலாம் என்று எழுதியிருப்பதைப் பச்சையான மென்மரத்துக்கு உரிய அளவாக எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்து வைரம் பாய்ந்த கருவேலத்துக்கும் புளிக்கும் அதில் பாதியைத்தான் நான் கணக்காக வைத்துக்கொள்வேன்.

டிராக்டரில் ஓடுகிற மெஷின் என்றால் பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்றில் ஓடுகிறதா என்று பாருங்கள். எந்த இன்ஜின் வேகத்தில் 540 வரும் என்பது பெரும்பாலும் மீட்டரிலேயே குறித்திருக்கும். டீசல் மிச்சம் பிடிக்கலாம் என்று ஆக்சிலேட்டரைக் குறைத்து ஓட்டுவதுதான் நான் பார்க்கிற பெரிய தவறு. வேகம் குறைந்தால் டிரம்மின் உந்தம் போய்விடும். அதோடு தூளை வெளியே வீசும் காற்றும் குறைந்துவிடும். அரைபட்டது உள்ளேயே தங்கும், தங்கியதை மறுபடி அரைக்க இன்ஜின் இன்னும் திணறும். மிச்சம் பிடித்த டீசல் அடைப்பு எடுக்கும் நேரத்திலேயே போய்விடும்.

இன்ஜின் சத்தம் தணியும்போதே கட்டையை விடுவதை நிறுத்த வேண்டும். ரிவர்ஸ் இருக்கிற மெஷினில் கட்டையைக் கொஞ்சம் பின்னால் இழுத்து, டிரம் முழு வேகத்துக்கு வந்த பிறகு மறுபடி விடுங்கள். ரோலர் இல்லாத சின்ன மெஷினில் கட்டையைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க முயலாதீர்கள். சின்னத் துண்டுகளாக, இடைவெளி விட்டு விட்டுப் போடுவதுதான் அதற்கு வழி.

காலையில் நன்றாக ஓடி மதியத்துக்கு மேல் திணறுகிறது என்றால் ஏர் ஃபில்டரையும் ரேடியேட்டரையும் திறந்து பாருங்கள். பட்ட மரத்தின் தூசி பச்சை மரத்தில் வருவதைவிடப் பல மடங்கு அதிகம், ரேடியேட்டர் இடுக்கில் போர்வையாக ஒட்டிக்கொள்ளும். பணகுடி, வள்ளியூர் பக்கம் ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கிற காற்றைச் சொல்லவே வேண்டாம். அந்த மாதங்களில் தூள் விழும் குழாயைக் கிழக்கே திருப்பி வையுங்கள். ஆளும் டிராக்டரும் மேற்கே இருந்தால் தூசி முகத்துக்கும் வராது, ரேடியேட்டருக்கும் வராது.

இன்ஜின் ஓடுகிறது, டிரம் நின்றுவிட்டது

இதில் மூக்குதான் முதலில் கண்டுபிடிக்கும். ரப்பர் கருகும் வாசனை வந்தால் பெல்ட் நழுவுகிறது. உடனே நிறுத்துங்கள். நழுவிக்கொண்டே ஓடினால் சில நிமிடத்தில் பெல்ட் பளபளவென்று இறுகிப்போய், அப்புறம் எவ்வளவு முறுக்கினாலும் பிடிக்காது. அடைப்பை எடுத்த பிறகு பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். சுமார் ஒரு விரல் அகலத்துக்கு மேல் அமுங்கினால் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். மாற்ற வேண்டியிருந்தால் இரண்டோ மூன்றோ, எல்லா பெல்ட்டையும் ஒன்றாக மாற்றுங்கள். புதுசும் பழசும் கலந்தால் பாரம் முழுக்கப் புதுசின் மேல் விழும்.

வாசனை எதுவும் இல்லை, ‘டப்’ என்று ஒரு சத்தம் வந்து டிரம் நின்றது, டிராக்டர் லேசாக ஓடுகிறது என்றால் ஷாஃப்டில் ஷியர் போல்ட் அறுந்திருக்கும். அறுவதற்காகவே வைத்த போல்ட் அது. கியர் பெட்டியையும் ஷாஃப்டையும் காப்பாற்றிவிட்டுத் தான் போகிறது. அதே அளவு, அதே வலிமை உள்ள போல்ட்டை மட்டும் போடுங்கள். போல்ட் தலையில் 4.6, 8.8 என்று எண் இருக்கும், அறுந்ததில் இருந்த எண்ணே புதியதிலும் இருக்க வேண்டும். கையில் கிடைத்த கம்பியையோ, இன்னும் கெட்டியான போல்ட்டையோ போட்டால் அடுத்த அடைப்பில் கியர் பெட்டி போகும். நாலைந்து போல்ட்டை எப்போதும் டூல் பெட்டியில் வைத்திருங்கள். தோப்பிலிருந்து கடைக்குப் போய்வரும் நேரத்தில் அரை நாள் வேலை போய்விடும்.

தூள் வெளியே வரவில்லை

தூள் நின்ற பிறகு கவனிப்பது தாமதம். நல்ல நிலையில் இருக்கும் மெஷின் தூளைத் தூரமாக, ஒரே சீராக வீசும். அது கிட்டக் கிட்ட விழ ஆரம்பித்தாலே குழாய் பாதி அடைத்துவிட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இந்த அடைப்பு அதிகம் வருவது உளுத்த மரத்தில்தான், அதுவும் ஈரமாக இருந்தால். தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல் காலத்தில் தோப்பில் கிடந்த தென்னையின் சோற்றுப் பகுதி (தடியின் நடுவில் இருக்கும் மென்மையான பகுதி) தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கும். அரைத்தால் தூளாக வராது, பிசைந்த மாவு மாதிரி குழாயின் வளைவில் அப்பிக்கொள்ளும். கூன்வண்டு குடைந்த கொண்டைப் பகுதியும் அப்படியே. இதைத் தனியாக அரைக்கவே கூடாது. உளுத்த துண்டு ஒன்று போட்டால் அதன் பின்னால் காய்ந்த கிளையோ மட்டையோ இரண்டு மூன்று விடுங்கள். காய்ந்தது போகிற போக்கில் குழாயைத் துடைத்துக்கொண்டு போய்விடும். மழையில் நனைந்த குவியலை இரண்டு வெயில் காயவிட்டு அரைப்பது இன்னும் நல்லது.

அடைத்த குழாயை எடுக்கும்போது, டிரம் பக்கம் குத்தி இறுக்காமல் வெளி முனையிலிருந்து உள்ளே வருமாறு தோண்டி எடுங்கள். பல மெஷின்களில் குழாய் இரண்டு மூன்று போல்ட்டில் கழன்று வந்துவிடும். கழற்றுவது குத்துவதைவிடச் சீக்கிரம் முடியும். டிரம்மைச் சுற்றியுள்ள கூட்டுக்குள் தங்கியிருப்பதையும் முழுசாக வழித்து எடுத்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். பாதி எடுத்துவிட்டு, மீதியை மெஷினே தள்ளிவிடும் என்று ஓட்டினால் பெல்ட் போகும். சல்லடை வைத்த மெஷின் என்றால், ஈர மரத்துக்குச் சின்னக் கண் சல்லடையைக் கழற்றிப் பெரிய கண் சல்லடை மாட்டுங்கள்.

இவ்வளவு செய்தும் வீச்சு குறைவாகவே இருந்தால், டிரம்மின் ஓரத்தில் இருக்கும் வீசு தகடுகள் தேய்ந்தோ மடங்கியோ போயிருக்கும். லேத் பட்டறை வேலை அது.

தூளாக வராமல் நாராக வருகிறது

மேலே சொன்ன அடைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. மழுங்கிய பிளேடு வெட்டாது, கிழிக்கும். கிழித்தால் தூளுக்குப் பதில் நீள நார் வரும். நார் டிரம்மின் தண்டிலும் ரோலரிலும் சுற்றிக்கொள்ளும், குழாயில் பின்னிக்கொள்ளும். கிழிக்க அதிக பலம் வேண்டும் என்பதால் வேகம் விழும், வேகம் விழுந்தால் வீச்சு விழும், அடைத்துக்கொள்ளும். நீங்கள் குழாயைச் சுத்தம் செய்துகொண்டே இருப்பீர்கள், கோளாறு பிளேடில் இருக்கும்.

தென்னையும் பனையும் பிளேடை மற்ற மரங்களைவிடச் சீக்கிரம் மழுக்குகின்றன. அவற்றின் நாரிலேயே சிலிக்கா துகள்கள் இருக்கின்றன. அதற்கு மேல் நம் மண்ணும் சேர்ந்துகொள்கிறது. திசையன்விளைப் பக்கம் பனங்காட்டில், அடிமட்டைத் தும்புக்குள் தேரி மணல் படிந்திருக்கும். தரையில் இழுத்துவந்த மட்டையும் அப்படித்தான். மெஷினில் விடுவதற்கு முன் மட்டையைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டுங்கள். வெள்ளத்தில் கிடந்த மரமாக இருந்தால், மோட்டார் தண்ணீரை அடித்துக் கழுவிக் காயவைத்துவிட்டு அரைப்பதற்கு ஆகும் நேரம் வீண் இல்லை.

பிளேடு எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள மெஷினைத் திறக்கவே தேவையில்லை. விழுந்த தூளில் ஒரு கை அள்ளிப் பாருங்கள். ஓரம் சுத்தமாக வெட்டுப்பட்ட சில்லுகள் என்றால் பிளேடு சரி. பிய்ந்த நாரும் மாவும் கலந்து வந்தால் சாணை பிடிக்க வேண்டும்.

சாணை பிடிக்கும்போது ஏற்கெனவே இருக்கும் சரிவை மாற்றாதீர்கள். அடிக்கடி தண்ணீரில் நனைத்துப் பிடியுங்கள், முனை நீலம் பாய்ந்தால் எஃகின் பதம் போய்விடும். எல்லா பிளேடும் ஒரே எடை இருக்க வேண்டும். மளிகைக் கடைத் தராசில் வைத்தே பார்த்துவிடலாம். எடை மாறினால் டிரம் நடுங்கி, பேரிங் கெடும்.

மாட்டிய பிறகு, பிளேடுக்கும் எதிரே அசையாமல் இருக்கும் எதிர்க்கத்திக்கும் நடுவில் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜ் (சந்தை அளக்கும் மெல்லிய தகடு) வைத்துப் பாருங்கள். கையேட்டில் சொன்ன அளவே கணக்கு. புதுக் கூர் இருந்தும் நாராக வந்தால் இடைவெளி அகலமாக இருக்கிறது. நார் மடங்கி அந்தச் சந்தில் நுழைந்துவிடும். எதிர்க்கத்தியின் ஓரமும் உருண்டு போயிருக்கும், பல மெஷின்களில் அதைத் திருப்பி மாட்டலாம். பிளேடு போல்ட்டுகளைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்குங்கள், பிறகு டிரம்மை ஒரு கம்பால் தள்ளி ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு மூடியை மூடுங்கள்.

டொக் டொக் சத்தம், நடுக்கம்

உடனே நிறுத்துங்கள், இன்னும் ஒரு கட்டை விட்டுப் பார்ப்போம் என்ற பேச்சே வேண்டாம். வேலி ஓரத்து மரங்களில் முள்கம்பி அடித்த ஆணி மரத்துக்குள்ளேயே புதைந்து, மேலே பட்டை மூடியிருக்கும். ரோட்டோர மரங்களில் விளம்பரத் தட்டி அடித்த ஆணி. வரப்பு மரங்களில் கவட்டையில் சொருகி மறந்த கல். ஆணி பட்ட பிளேடில் பல் விழுந்திருக்கும், அதைச் சரிசெய்யாமல் ஓட்டினால் உடைந்த துண்டு வெளியே பறக்கும். இப்படிப்பட்ட மரங்களின் அடிப்பகுதியை, ஆள் உயரம் வரைக்கும், அரைக்காமல் விறகுக்கு ஒதுக்கிவிடுவதே புத்திசாலித்தனம்.

புகை

காய்ந்த தும்பும் பன்னாடையும் பேரிங் பக்கத்துத் தண்டில் கயிறாகச் சுற்றி இறுகினால், உரசலில் சூடேறிப் புகையும். காய்ந்த தூள் சுற்றிலும் கிடக்கும்போது இது விளையாட்டு இல்லை. மணிக்கு ஒரு தடவை நிறுத்தி, தண்டின் இரு முனையிலும் சுற்றியிருப்பதை அறுத்து எடுங்கள். இரண்டு குடம் தண்ணீரும் நனைத்த சாக்கும் பக்கத்தில் இருக்கட்டும்.

மெஷினில் விடவே கூடாதவை

வாடகைக்கு வருகிற டிராக்டர் ஷ்ரெட்டர்களில் பெரும்பாலானவை மட்டைக்கும் கிளைக்கும் செய்தவை. தென்னந்தடி முழுசாக அதில் போகாது, அடைப்புதான் மிஞ்சும். வாடகைக்குச் சொல்லும்போதே எவ்வளவு பருமன் போகும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தடியைப் பிளந்து விறகுக்கோ சூளைக்கோ கொடுத்துவிடுங்கள். தோப்பிலேயே போட்டு வைத்தால் உளுத்த தடியில் தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டு முட்டையிடும். பனந்தடியின் வெளி வைரம் எந்தச் சின்ன மெஷினுக்கும் அடங்காது, அது கைமரத்துக்கு ஆகிற பொருள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்திருக்கிறது. பட்ட பனையாக இருந்தாலும் கேட்டுவிட்டு வெட்டுங்கள்.

அடித்தண்டில் செம்பழுப்புச் சாறு வடிந்து தஞ்சாவூர் வாடல் என்ற பூசண நோயில் பட்ட தென்னை என்றால், அடிப்பகுதியையும் வேரையும் அரைத்து மற்ற மரங்களின் பாத்தியில் போடாதீர்கள். அந்தப் பூசணம் மண்ணிலும் கட்டையிலும் தங்கிப் பரவும். அதை மட்டும் தோண்டி எடுத்து எரித்துவிட வேண்டும். கூன்வண்டு விழுந்த கொண்டையில் உயிரோடு புழு இருக்கும் என்பதால், பெரிய துண்டாகக் குவித்து வைக்காமல் அன்றைக்கே பொடியாக அரையுங்கள், முடியாவிட்டால் எரியுங்கள். மற்ற தூளைத் தென்னம்பாத்தியில் மெல்லிய அடுக்காகப் பரப்பலாம். ஒரே இடத்தில் மேடாகக் குவித்து வைத்தால் மட்கும்போது அங்கேயும் காண்டாமிருக வண்டு வந்துவிடும், அப்படிக் குவிக்க நேர்ந்தால் அந்த வண்டின் புழுவைக் கொல்லும் பச்சை மஸ்கார்டின் பூசணத்தை அதில் கலந்து விடுங்கள்.